வெள்ளைச் சேலை அடையாளம்

மாசி 4, ஞாயிறு

இன்று எங்கள் உடுமலை வீட்டு நடு அறையில் இருந்தவர்கள்: நான், என் மகள் கலாமணி, மாப்பிள்ளை சென்னியப்பன், மாப்பிள்ளைக்கு ஒன்றுவிட்ட அக்காள் ஈஸ்வரி. வேறு ஒரு ஈ காக்கை இல்லை. பிற்பாடு ‘நான் அங்கே இல்லவே இல்லையே’ என்று யாரும் நழுவக்கூடாது, அதற்காக எழுதி வைக்கிறேன். யாரைப் பற்றிப் பேசினோமோ அந்தப் பேத்தி மௌனிகா இல்லை. அவள் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள்.

மௌனிகாவுக்கு இருபத்தேழு முடிந்துவிட்டது. ஐந்து தடவை அவளுக்கே தெரியாமல் அவளைப் பையன் வீட்டாருக்குக் காட்டியாயிற்று. பழனி அடிவாரத்தில் ஒரு தடவை, ஜவுளிக்கடையில் ஒரு தடவை, மற்றவை கல்யாண வீடுகளில். எங்கள் பக்கம் இது உள்ள வழக்கம்தான். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால் ஊர் நாலு விதமாகப் பேசும். கோயிலில் தற்செயலாகக் கண்டதுபோலப் பார்த்துக்கொண்டால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் ஐந்தாம் தடவை அவளுக்குத் தெரிந்துபோனது. அன்றிலிருந்து அப்பனோடு பக்கத்துத் தெருவுக்குக்கூட வருவதில்லை. “என்ன மாடா நானு, சந்தையில நிறுத்திப் பாக்கறதுக்கு?” என்று கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வி நன்றாக நினைவிருக்கிறது.

இப்போது வந்திருப்பது காங்கயம் பக்கத்துப் பையன். கொச்சித் துறைமுகத்தில் சரக்குக் கம்பெனியில் வேலை.

“அவிய அத்தனை பேரும் அடுத்த ஞாயித்துக்கெழமை கொச்சியிலதான் இருக்காங்க. புள்ளய அங்க கொண்டாந்து காட்டிப்போட்டா வேலை முடிஞ்சுது” என்றாள் ஈஸ்வரி.

“போட்டோ குடுத்தாச்சல்ல?” என்றாள் கலாமணி.

“குடுத்தேன், குடுத்தேன். உன்ற மக போட்டோ எல்லாமே மலை மேல ஏறி நின்னு முதுகக் காட்டறதுதான். பையனோட அம்மா கேக்கறா, ‘ஏனுங், பொண்ணுக்கு மூஞ்சி இருக்குதுங்களா’ன்னு.”

“எங்கூட வரமாட்டாளே அவ” என்றார் மாப்பிள்ளை. பிறகு மூன்று பேரும் ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள்.

மௌனிகா முதுகில் ஒரு மூட்டையை மாட்டிக்கொண்டு குறைந்த காசில் ஊர் ஊராகச் சுற்றுகிறவள். இரண்டு வருஷமாக என்னைக் கூப்பிடுகிறாள். ‘அம்மிச்சி, ஒரு தடவ எங்கூட வாங்க, எங்கயாச்சும் போலாம்.’ இது இவர்களுக்குத் தெரியும்.

“நீங்க கொச்சி பாக்கோணும்னு சொல்லுங்கத்தை. ஓடி வந்துருவா” என்றார் மாப்பிள்ளை.

“அடையாளம் நான் சொல்லிக்கறேன். நாலு மணிக்கு கடக்கரையில சீன வலை கிட்ட வெள்ளச் சேல கட்டுன ஆத்தா ஒண்ணு நிக்கும், பக்கத்துல நிக்கறதுதான் பொண்ணுன்னு. எத்தனை கூட்டத்துலயும் தெரிஞ்சுபோகும்” என்றாள் ஈஸ்வரி.

மௌனிகா கழுத்தில் ஒரு தாலி ஏறியதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடவேண்டும் என்று எனக்கும் இருக்காதா. சரி என்றேன். நான் சரி என்றதையும் எழுதிவிட்டேன்.

மாசி 6, செவ்வாய்

கொச்சி பார்க்கவேண்டும் என்று மௌனிகாவுக்குப் போன் போட்டேன். “நெசமாவா அம்மிச்சி?” என்று மூன்று தடவை கேட்டாள். நான் பேசி முடிப்பதற்குள் எந்த பஸ், எந்த ரயில், எங்கே தங்குவது எல்லாம் சொல்லிவிட்டாள். வரும்போது அந்த அரக்குப் பட்டுச் சேலையையும் எடுத்து வா கண்ணு என்றேன். “பட்டுங்களா?” என்றாள். “ஆமா” என்றேன். பிறகு, “சரிங்க அம்மிச்சி” என்றாள்.

எனக்குப் பதினாறு வயதில் மாரியம்மன் நோம்பிக்கு வளையல் வாங்கித் தருகிறேன் என்று என் சின்னம்மா கூட்டிப் போனாள். வளையல் கடைக்குப் போகவே இல்லை. பொரிகடலைக் கடைக்கு எதிரில் என்னை ஒரு மணி நேரம் நிறுத்தினாள். வாய் நிறையப் பொரி போட்டுக்கொண்டு நான் நின்றதை எட்டுப் பேர் பார்த்துப் போனார்கள் என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. அவள் சாகும்வரை நான் அவளோடு பேசவில்லை.

ஆனால் அது வேறு, இது வேறு.

மாசி 9, வெள்ளி

தட்டுவடை சுட்டேன். முழங்காலுக்குத் தைலம் எடுத்து வைத்தேன். மாப்பிள்ளை என் பட்டன் போனில் முழுசாகச் சார்ஜ் ஏற்றிக் கையில் கொடுத்தார். இதுவரை ஒரு நாளும் செய்தவரில்லை.

மாசி 10, சனி

எர்ணாகுளம் வந்து சேர்ந்தோம். பொள்ளாச்சி வரை ஒரு பஸ், பாலக்காடு வரை ஒரு பஸ், அதற்கப்புறம் எல்லா ஸ்டேஷனிலும் நின்று மூச்சு வாங்கும் ரயில். தங்கும் இடத்தில் ஒரே அறையில் எட்டுக் கட்டில், ஒன்றின் மேல் ஒன்று. எல்லாம் பெண்கள்தான். எனக்குக் கீழ்க்கட்டில். எதிர்க்கட்டிலில் ஒரு வெள்ளைக்காரப் பெண் என் காதுத் தண்டட்டியைப் பார்த்து என்னவோ கேட்டாள். “தொட்டுப் பாக்கலாமான்னு கேக்கறா” என்றாள் மௌனிகா. தொட்டுப் பார்க்கட்டும், தேயவா போகிறது.

மாசி 11, ஞாயிறு

(திங்கட்கிழமை பகலில் எழுதுகிறேன். தேதி நேற்றையது.)

இப்படி ஒரு ஊர் சுற்றலுக்குப் போ என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

காலையில் அரக்குப் பட்டைக் கட்டு என்றேன். “படகுல போறதுக்கு எதுக்கு அம்மிச்சி பட்டு?” என்று முழுக்கால் சட்டையும் பனியன் மாதிரி ஒன்றும் போட்டுக்கொண்டாள். சேலை மூட்டைக்குள்ளேயே கிடந்தது. தலைக்கு ஒரு முழம் பூ வாங்கினேன். “நீங்களே மோந்து பாத்துக்கங்க” என்றாள்.

படகுத்துறைக்கு ஆட்டோ வேண்டாமாம். நடந்தோம். அங்கே ஒரு படகு கிளம்பத் தயாராக நின்றது. ஏறலாம் என்றால், “இருங்க அம்மிச்சி, அடுத்ததுல போலாம். இங்க நல்லா காத்து வருது” என்றாள். அடுத்தது வர முக்கால் மணி. எனக்குக் காற்றா பெரிது? நாலு மணிதான் நெஞ்சுக்குள் இடித்துக்கொண்டே இருந்தது.

படகில் ஜன்னல் ஓரம் உட்கார வைத்தாள். இந்தப் பக்கம் மலை மலையாக இரும்புப் பெட்டி ஏற்றிய கப்பல், அந்தப் பக்கம் பழைய ஓட்டுக் கட்டடங்கள். காயல் தண்ணீர் மேலே தெறித்தது. அவள் கப்பலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

“அம்மிச்சி, எங்கிட்ட ஏதாச்சும் சொல்லணுங்களா?”

“தண்ணி பாட்டில் எங்க கண்ணு?” என்றேன். எடுத்துக் கொடுத்தாள்.

மட்டாஞ்சேரியில் இறங்கினோம். சுக்கும் மிளகும் சாக்குச் சாக்காக இருக்கும் தெரு. மூக்கில் ஏறித் தும்மல் நிற்கவில்லை. அரண்மனைச் சுவரில் ராமாயணம் படமாக எழுதியிருக்கிறது. ஒரு ஆள் உயரத்துக்கு என்னென்னவோ நிறம். பார்க்கக் கொடுத்து வைத்திருக்கவேண்டும், ஆனால் அங்கேயே என் போன் இரண்டு தடவை அடித்தது. மாப்பிள்ளை. “எங்கீங்கத்தை இருக்கீங்க?” “கோயில்லீங்க.” “கோயிலா? எந்தக் கோயிலு?” “அதா, ராமர் இருக்காரல்ல” என்று வைத்துவிட்டேன். மௌனிகா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு யூதர்கள் இருந்த தெருவாம், குறுகல் சந்து. இரண்டு பக்கமும் கடைக்காரர்கள் இந்தியில் கூப்பிட்டார்கள். ஒன்றும் வாங்கவில்லை, எல்லாவற்றையும் எடுத்து எடுத்துப் பார்த்தாள். ஒரு பித்தளைப் பூட்டை மட்டும் பத்து நிமிஷம் திறந்து திறந்து மூடினாள். மணி என்ன, மணி என்ன என்று கேட்டு எனக்கே வாய் வலித்தது.

“எதுக்கு அம்மிச்சி மணிய மணிய கேக்கறீங்க? யாராச்சும் வர்றாங்களா?”

“யாரு வருவா? சோத்து நேரம் தாண்டிப்போச்சேன்னுதான்.”

“சரி, சாப்பிடலாம்” என்றாள். முக்கால் மைல் நடந்து ஒரு சின்னக் கடை. கொட்டைக் கொட்டையாகச் சிவப்பரிசிச் சோறு. பல்லில்லாதவர்கள் அந்த ஊரில் எப்படிப் பிழைக்கிறார்களோ.

நான் பார்க்கவேண்டும் என்று சொல்லியிருந்த சீன வலை கோட்டைப் பக்கம், அங்கிருந்து இரண்டு மைல் இருக்கும். “ஆட்டோவுக்கு நான் காசு தர்றேன் சாமி, என்ற முழங்கால் போச்சு” என்றேன். “மெதுவா நடக்கலாம் அம்மிச்சி. நடந்தாத்தான் ஊரு தெரியும்.” பாதி வழியில், குடை விரித்த மாதிரி ஒரு பெரிய மரம். அதன் அடியில் என்னை உட்காரவைத்து, செருப்பைக் கழற்றி, என் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துத் தைலம் தேய்த்தாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள்.

“நீங்க எதச் சொன்னாலும் நான் கோவிச்சுக்கமாட்டேன் அம்மிச்சி.”

“என்னத்தச் சொல்றது? நல்லாத் தேய்” என்றேன்.

அவள் நல்லாத்தான் தேய்த்தாள்.

நாலு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது கடற்கரை வந்துவிட்டோம். சீன வலை என்பது பெரிய மரக்கைகளில் தொங்குகிறது. நாலைந்து ஆள் கயிற்றை இழுத்தால் வலை தண்ணீரை விட்டு மேலே வருகிறது. அத்தனை பேர் அத்தனை பாடு பட்டு இழுத்ததில் கைப்பிடி மீன். எனக்கு அதைப் பார்க்கக் கண்ணில்லை. கரையில் உட்கார்ந்தபடியே பையன் வீட்டாரைத் தேடினேன்.

தேடவேண்டிய தேவையே இருக்கவில்லை. காதில் விழுந்தது.

“ஏனுங், இந்த ஊர்ல எல்லாக் கெழவியும் வெள்ளதான் கட்டியிருக்காங்க!”

திரும்பிப் பார்த்தேன். கனத்த கம்மலோடு ஒரு அம்மாள், பக்கத்தில் மீசை வைத்த மாமன்காரர் ஒருத்தர். அந்த அம்மாள் சொன்னதில் தப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கடற்கரை முழுக்கக் கிழவிகள், அத்தனை பேரும் வெள்ளை முண்டு, வெள்ளைச் சட்டை, வெள்ளைத் துண்டு. ஒவ்வொருத்தி பக்கத்திலும் ஒரு பெண்பிள்ளை. எங்கள் ஊரில் வெள்ளைச் சேலை என்றால் புருஷன் இல்லாதவள். இங்கே அதுதான் எல்லாருக்கும் உடுப்பு. ஈஸ்வரி மூளைக்கு இது எட்டுமா? அவள் பாலக்காட்டைத் தாண்டினவளா?

இரண்டு பேரும் ஒவ்வொரு கிழவி முன்னாலும் போய்க் குனிந்து பார்த்தார்கள். ஒரு கிழவி குடையை ஓங்கிவிட்டாள். கடைசியில் ஐஸ் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவியிடம் நின்றார்கள். அவள் பேத்தி பாவாடை தாவணியோடு, தலை நிறைய மல்லிகையோடு இருந்தாள். “சாப்டீங்களா ஆத்தா?” என்று கத்தினார் மாமன்காரர். அந்தக் கிழவி என்ன புரிந்ததோ, தலையை ஆட்டினாள்.

நான் எழுந்து கையை ஆட்டியிருந்தால் வேலை முடிந்திருக்கும். எழுந்திருக்கத்தான் கையை ஊன்றினேன். பக்கத்தில் மௌனிகா உப்பு மிளகாய் தடவிய மாங்காய்க் கீற்றை எனக்கு மென்மையான பக்கமாகப் பார்த்துப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ஒரு பையன் எங்கள் பக்கம் வந்தான். நெடுநெடு என்று, கண்ணாடி போட்டு, முகமெல்லாம் வேர்த்து. இவன்தான் என்று பார்த்ததுமே தெரிந்தது. அந்த அம்மாளின் மூக்கு அப்படியே இருந்தது.

“ஏனுங் பாட்டி, நீங்க உடுமலைங்களா?”

“இல்ல. நாங்க பாலக்காடு” என்றேன்.

பாலக்காட்டுக்காரி எவளாவது இப்படிப் பேசுவாளா? அவனுக்கு அது தெரியாமல் இருக்குமா? என்னை ஒரு நிமிஷம் பார்த்தான். மௌனிகா பக்கம் அவன் கண் போகவே இல்லை, அது அவனுக்கு ஒரு மரியாதை. “சரிங்க பாட்டி. வெயில்ல உக்காராதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனான். போகும்போது அவன் நடை வந்தபோது இருந்ததைவிட லேசாக இருந்தது.

மௌனிகா மாங்காயை என் கையில் வைத்தாள்.

“பாலக்காடுங்களா அம்மிச்சி?”

மாங்காயை மடியில் வைத்தேன். “உனக்கு எப்பத் தெரியும்?” என்றேன்.

“செவ்வாக்கெழமையே. எட்டுக் கட்டில் போட்ட ரூம்ல தங்கறதுக்கு யாராச்சும் பட்டுச்சேல எடுத்துட்டு வரச் சொல்லுவாங்களா?”

“தெரிஞ்சும் எதுக்குடி வந்தே?”

“நீங்க கூப்புட்டீங்க. எப்படியும் சொல்லிருவீங்கன்னு நெனச்சேன். படகுல கேட்டேன். சந்துல கேட்டேன். மரத்தடியில கேட்டேன். இன்னும் கொஞ்சம் நேரம் குடுக்கலாம், இன்னும் கொஞ்சம் குடுக்கலாம்னு ஊரயே நடந்து சுத்துனேன். எனக்கும்தான் காலு வலிக்குது.”

“கடைசியில இல்லைன்னு சொன்னனே கண்ணு.”

“சொன்னீங்க. அவங்கிட்ட சொன்னீங்க. எங்கிட்ட சொல்லல.”

சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். எனக்கு அது கைவந்த வேலை. அவள் சத்தம் போடவில்லை. மூட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, இன்னொரு கையால் என்னைத் தூக்கிவிட்டாள். திரும்பும்போது படகுத்துறைக்கு ஆட்டோ பிடித்தாள்.

மாசி 12, திங்கள்

கோயமுத்தூரில் என்னை உடுமலை பஸ் ஏற்றி, டிரைவருக்குப் பின்சீட்டில் உட்காரவைத்து, கண்டக்டரிடமும் சொல்லிவிட்டுப் போனாள். ஜன்னல் வழியாக, “தைலம் போடுங்க” என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

வீட்டில், “காட்டியாச்சா?” என்று கேட்டார்கள். “அவியளக் கேளுங்க” என்றேன். பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை.

மாசி 13, செவ்வாய்

ஈஸ்வரி ஜிலேபி டப்பாவோடு வந்தாள்.

“புடிச்சுப்போச்சு! பையனோட அம்மாவுக்கு அத்தனை சந்தோசம். தலை நெறைய மல்லிப்பூ, பாவாட தாவணி, அடக்கமான புள்ளைங்கறா. முதுகு போட்டோவுக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லையாமா. ஆத்தாதான் வாயே தொறக்கலியாமா.”

கலாமணி ஜிலேபியை வாய்க்குக் கொண்டுபோனவள் நிறுத்தினாள். “பூவா? அவ பூ வெக்கமாட்டாளே. தாவணி ஏது அவகிட்ட?”

“அம்மிச்சி சொன்னா செஞ்சிருப்பா” என்றார் மாப்பிள்ளை, என்னைப் பார்த்துக் கும்பிடாத குறையாக. “நீங்க இல்லாட்டி நடந்திருக்காதுங்கத்தை.”

நான் ஜிலேபி தின்றேன். எழுபத்தொரு வயதில் இப்படி ஒரு ஜிலேபி தின்றதில்லை.

மாசி 14, புதன்

இன்றும் சொல்லவில்லை. மாவு ஆட்டினேன்.

மாசி 15, வியாழன்

நாளைக்குப் பையன் வீட்டார் உறுதி வார்த்தை பேச வருகிறார்கள். பையன் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லையாம், அதையே சம்மதம் என்று வைத்துக்கொண்டார்கள். காலையில் மாப்பிள்ளை போனைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

“மௌனிகாவுக்கு ஒரு போன் போடுங்கத்தை. ஒடம்பு முடியல, உடனே வான்னு சொல்லுங்க. வேற யாரு சொன்னாலும் வரமாட்டா.”

ஈஸ்வரி, “கொஞ்சம் இருமிக் காட்டுங்க, நம்புவா” என்றாள்.

எண்ணை அவர்தான் அமுக்கினார். சத்தம் வெளியே கேட்கும்படியும் வைத்தார். “அம்மிச்சி?” என்றாள் குழந்தை.

“கண்ணு, எனக்கு ஒடம்பு நல்லாத்தான் இருக்குது. நாளைக்கு ஒரம்பரை வர்றாங்க, உன்னய நிச்சயம் பண்ண. அவிய கொச்சியில பாத்தது உன்னய இல்ல, எவளோ ஒரு மலையாளத்துப் புள்ளய. அவியள ஏமாத்துனது நானு. நாலாந்தேதி இங்க உக்காந்து ‘சரி’ன்னு சொன்னதும் நானு. வர்றதுன்னா வா. வேண்டாம்னா வேண்டாம். உன்னய எவனும் கேக்கமாட்டான். சொல்லிப்போட்டேன்.”

“நான் வரலீங்க அம்மிச்சி. நீங்க சாப்டீங்களா?” என்றாள். “இல்ல.” “சாப்பிடுங்க” என்று வைத்துவிட்டாள்.

மாப்பிள்ளை எழுந்து நின்றார். “நாலு சனத்துக்கு முன்னால என்ற தலையக் குனிய வெச்சுட்டீங்க. இந்த வீட்டுச் சோத்தத் தின்னுட்டு.”

“தலை உங்களுக்கு இருக்குதுங்க மாப்ள. அந்தப் புள்ளைக்கும் ஒண்ணு இருக்குது” என்றேன்.

கலாமணி என் பக்கம் திரும்பாமல் அடுப்பங்கரைக்குப் போனாள். ஆனால் எனக்குத் தட்டில் சோறு போட்டு வைத்திருந்தாள்.

ஈஸ்வரி மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே, “அப்ப அவிய பாத்த புள்ள யாரு?” என்றாள்.

“போயி விசாரி. கொச்சிக்கு ஆறு ரூவாதான் படகுக்கு” என்றேன்.

மாசி 17, சனி

நேற்று வரவேண்டியவர்கள் வரவில்லை. போனிலேயே அறுத்துவிட்டார்கள். முழங்கால் வீங்கிக் கிடக்கிறது.

மாசி 20, செவ்வாய்

நானே போன் போட்டேன். மௌனிகா மங்களூரில் இருக்கிறாளாம். பின்னால் அலைச் சத்தம் கேட்டது.

“அன்னிக்கு நடந்தத மனசுல வெச்சுக்காத கண்ணு.”

“அதெல்லாம் மறந்துட்டேன் அம்மிச்சி, விடுங்க.”

“என்னயும் கூட்டீட்டுப் போயிருக்கலாமல்ல?”

“அடுத்த தடவ பாக்கலாம்” என்றாள்.

அடுத்த தடவை பார்க்கலாம் என்பது வீட்டுக்கு வந்த ஒரம்பரையை, விருந்தாளியை, அனுப்பும்போது சொல்லுகிற வார்த்தை. நானே எத்தனை பேருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். மறந்துவிட்டேன் என்று சொன்ன குரலும் எனக்குத் தெரியும். என் பேத்தி ஒன்றையும் மறக்கிற வம்சத்தில் பிறக்கவில்லை.

மாப்பிள்ளை மேல் கோபம் இருக்கிறது. பெண்ணைப் பெற்ற பயம் அவருக்கு, ஆறிவிடும். கலாமணி இன்று என் காலுக்கு உப்பு ஒத்தடம் கொடுத்தாள், வாயைத் திறக்கவில்லை, போகட்டும். ஈஸ்வரிக்கு இன்னும் ஒரு வருஷம் சர்க்கரை போடாமல்தான் காப்பி. மூன்று பேரும் என்னிடம் கேட்கத்தான் கேட்டார்கள். அந்தக் குழந்தை வாயைத் திறந்து மூன்று இடத்தில் கேட்டும் மென்று முழுங்கியவள் வேறு ஒருத்தி. அவளை மன்னிப்பதாக இல்லை.

ஐந்தாம் வகுப்பு வரை படித்த, உடுமலை காலஞ்சென்ற கருப்பண்ணன் சம்சாரம், பாவாயி.